இருபதடி இடைவெளியில் இரண்டு வாசல்

காவலுக்குக் காவல் வைத்து, அந்தக் காவலுக்கு நாற்காலி போட்டு, நாற்காலிக்குத் துண்டும் போர்த்திய நாகரிகம்தான் மனித குலத்தின் உச்சம். சட்டத்தைச் சட்டமன்றம் இயற்றும். அதை நடைமுறைப்படுத்தும் விதிகளைத் துறைகள் எழுதும். துறைகள் இஷ்டத்துக்கு எழுதிவிடக் கூடாதே என்று, சட்டமன்ற உறுப்பினர்கள் பதினோரு பேர் கொண்ட 'விதிகள் ஆய்வுக் குழு' உட்கார்ந்து பார்க்கும். உட்காருவதில் அந்தக் குழு ஒருநாளும் குறை வைத்ததில்லை.

குழுவின் அலுவலகத்தில், ஒரு தையற்காரியின் மகள் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. புதிது என்பதால் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. மேசைக்கு வரும் கோப்புகளைப் படித்துவிடுவாள்.

அப்படித்தான் 'தையற்கூடப் பாதுகாப்பு விதிகள்' கண்ணில் பட்டது. விதி ஏழு: ஒவ்வொரு தையற்கூடத்துக்கும் இருபதடி இடைவெளியில் இரண்டு வாசல் வேண்டும். இல்லையென்றால் சீல். அவளுடைய அம்மாவின் கடையோ மாடிப்படிக்கு அடியில் எட்டடி நீளத்தில் இருந்தது. இருபதடி தள்ளி வாசல் வைத்தால், அது பக்கத்துப் பல் டாக்டரின் நோயாளி வாய்க்கு நேராகத் திறக்கும்.

விதி எட்டு: 'இடைவேளையின்போது தையற்கூடத்தின் எல்லா வாசல்களும் திறந்திருக்க வேண்டும்.' விதி ஒன்பது: 'கடைசிக் காட்சி முடிந்தபின் தையற்கூடத்தின் இருக்கைகளுக்கு அடியில் சோதிக்க வேண்டும்.'

பிரிவு அலுவலரிடம் ஓடினாள்.

"சார், இது சினிமா தியேட்டர் விதி சார்! பேரை மட்டும் மாத்திப் போட்டிருக்காங்க."

"அப்படியெல்லாம் நாம சொல்லக் கூடாதும்மா. நாம கேள்விதான் கேக்கணும், துறை பதில் சொல்லும். அதுக்குப் பேருதான் மேற்பார்வை."

கேள்வியை அனுப்பினாள்: 'தையற்கடைக்கு இருபதடி இடைவெளியில் இரண்டு வாசல் எதற்கு?' மூன்றாம் நாள் துறையிலிருந்து ஓர் உதவியாளர் போன் செய்தார்.

"மேடம், கேள்வி பிரமாதம். யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப பதிலையும் நீங்களே எழுதி அனுப்பிடுங்க. எங்க செயலாளர் கையெழுத்துப் போட்டுடுவாரு."

"பதில் நீங்கதான சார் சொல்லணும்?"

"நாங்க எழுதினா, உங்க குழுவுக்குப் பிடிக்கற மாதிரி வரமாட்டேங்குது மேடம்."

இது வழக்கம்தானா என்று பிரிவு அலுவலரிடம் கேட்டாள். "இருபது வருஷமா இப்படித்தான்மா. இதுக்குப் பேரு ஒத்துழைப்பு" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

சரி, ஒத்துழைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தாள். எழுதினாள்: 'காரணம் எதுவும் இல்லை. திரையரங்கு விதிகளை நகலெடுத்து, திரையரங்கு என்று இருந்த இடத்திலெல்லாம் தையற்கூடம் என்று மாற்றினோம். இடைவேளையை நீக்க மறந்துவிட்டோம். இவ்விதிகளை ரத்து செய்யலாம்.' ஒன்பதாம் நாள் அந்தப் பதில் செயலாளரின் பச்சை மைக் கையெழுத்தோடு, முத்திரையோடு, 'தங்கள் உண்மையுள்ள' என்ற வணக்கத்தோடு திரும்பி வந்தது.

அன்று மாலை அம்மா வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கேட்டாள். "ஸ்கூல்ல இருநூறு யூனிஃபார்ம் கேக்குறாங்கடி. துணி எடுத்து வெட்டட்டுமா, வேணாமா? கடை இருக்குமா?"

"வெட்டும்மா. தப்புன்னு அவங்களே கையெழுத்துப் போட்டாச்சு."

குழு கூடியது. நாற்பத்திரண்டு விதித் தொகுப்புகள், இருபத்தைந்து நிமிடம், இரண்டு சுற்றுத் தேநீர். கோப்பில் நாடா கட்டிய விதம் சரியில்லை என்று ஓர் உறுப்பினர் கடுமையாக ஆட்சேபித்தார். பத்து நிமிடம் அதில் போனது. ஜனநாயகம் என்றால் அப்படித்தான் கறாராக இருக்க வேண்டும்.

தையற்கூடத்தின் முறை வந்தது.

"கேள்வி கேட்டோமா?" என்றார் குழுத் தலைவர்.

"கேட்டோமுங்க" என்றார் பிரிவு அலுவலர்.

"பதில் வந்துச்சா?"

"ஒன்பதே நாள்ல வந்துடுச்சுங்க."

அவை சிலிர்த்தது. வழக்கமாக இரண்டு வருடம் ஆகும். "துறைக்கு ஒரு பாராட்டு போட்டுடுங்க. விதிகள் திருப்தி" என்றார் தலைவர்.

சுவரோரம் நின்ற இளநிலை உதவியாளர் வாயைத் திறந்தாள். சுவரோரம் நிற்பவர்கள் திறக்கக் கூடாதது அது.

"ஐயா, பதில்ல என்ன இருக்குன்னு ஒரு வரி மட்டும் வாசிக்கட்டுங்களா? ரத்து பண்ணலாம்னு அவங்களே..."

தலைவர் கோபப்படவில்லை. பெரிய மனிதர். "இங்க பாரும்மா. ஒரு செயலாளர் மெனக்கெட்டுப் பதில் போட்டிருக்காரு. அதைப் போய்ப் படிச்சுப் பாத்தா, அவரை நாம நம்பலைன்னு ஆயிடாது? அடுத்தது என்ன, மீன்வளமா?"

அடுத்த வாரம் துறையின் இன்ஸ்பெக்டர் அம்மாவின் கடைக்கு வந்தார். தன்மையான ஆள். வெட்டிய துணி இருநூறும் உள்ளே இருக்க, ஷட்டரை இறக்கிப் பூட்டி, அரக்கு வைத்து, ஒரு காகிதத்தை ஒட்டி, "வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் வந்து சேர்ந்தபோது, அம்மா இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி எழுதியிருக்கு அதுல?"

மகள் வாசித்தாள். "'இவ்விதிகள் சட்டமன்றக் குழுவால் வரி வரியாக ஆராயப்பட்டுத் திருப்தி தெரிவிக்கப்பட்டவை.'"

"தப்புன்னு கையெழுத்துப் போட்டாங்கன்னியே?"

"போட்டாங்கம்மா. கையெழுத்துப் போட்டவரும் படிக்கல, குழுவுல பதினோரு பேரும் படிக்கல."

அம்மா கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை எடுத்துச் சுருட்டினாள்.

"நான் கைநாட்டுடி. ஆனா வெரலை வெக்கிறதுக்கு முன்னாடி, இதுல என்ன எழுதியிருக்குன்னு நாலு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் வெப்பேன். பதினோரு பேருல ஒருத்தருக்குக்கூடவா கேக்கத் தோணல?"