மஞ்சக்குப்பத்தில் பெய்யாத மழை

அன்புள்ள மச்சான் செம்பியனுக்கு, மஞ்சக்குப்பத்திலிருந்து மாமா சடையப்பன் எழுதிக்கொண்டது. சென்னையில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கத் தில்லைக் காளியம்மன் துணை. இங்கே நான் நலம். உன் அக்கா தங்கம்மாள் நலமா என்பதை அவள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. திறந்து நாலு நாள் ஆகிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது மாமா ஏன் இன்லண்டு லெட்டர் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் எழுதினால் நீ வைத்துவிட்டுப் போன ஏஐ ஏஜென்ட் படித்துவிடுமோ என்று பயம். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

ஆயுத பூஜைக்கு வந்தபோது, ரிட்டயர் ஆன மனுஷனுக்குப் பொழுது போகட்டும் என்று அதை என் போனில் போட்டுக் கொடுத்தாய். வானிலை பார்க்க அதற்கு நாலைந்து கருவி கோத்துவிட்டிருப்பதாகச் சொன்னாய். நாளைய மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, எண்பது வருஷத்துப் பழைய மழை வெயிலுக்கு ஒன்று. கேள்வியைக் கேட்டால் வேண்டியதை அதுவே எடுத்துப் பார்த்துச் சொல்லுமாம். "ஏஜென்ட்னா காபி போடணுமாடா?" என்று உன் அக்கா கேட்டாள். காபி கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை மச்சான், அது என் குடித்தனத்துக்கே உலை வைத்துவிட்டது.

முதலில் நாளைக்கு மழை வருமா என்றுதான் கேட்டேன். நாளை எனக்கு எதற்கு, எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதானே. அதனால் பழைய நாட்களைக் கேட்க ஆரம்பித்தேன். பத்தாவதில் நான் ஃபெயிலான நாள்: முப்பத்தொன்பது டிகிரி, மேல்காற்று. என் மகள் இலக்கியா பிறந்த விடியற்காலை: மழை 0.2 மில்லிமீட்டர். அடடா, ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது என் மூக்கு நுனியில் ரெண்டு சொட்டு விழுந்ததே, அதைக்கூட யாரோ எழுதி வைத்திருக்கிறார்களே என்று கண் கலங்கிவிட்டது. மொட்டை மாடியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அறுபது வருஷத்துக் காற்றும் ஒவ்வொன்றாக வந்து சட்டையைத் தொட்டுவிட்டுப் போவது போல இருக்கும். கீழே பால் பொங்கும், காலிங் பெல் அடிக்கும், நான் எண்பத்திரண்டாம் வருஷத்துத் தூறலில் நின்றுகொண்டிருப்பேன்.

போன ஞாயிறு, கார்த்திகையில் வரும் எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குச் சிதம்பரத்தில் மண்டபம் பேசச் சொந்தக்காரர்கள் வீட்டில் கூடினார்கள். "மழக் காலமாச்சே, மாப்ள இந்தத் தடவையாவது நேரத்துக்கு வருவாரா?" என்று உங்கள் பெரியப்பா ராஜாமணி சீண்டினார். எண்பத்தொன்பதில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், சிதம்பரத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வரவேண்டிய நான் விடிந்து வந்து சேர்ந்த கதைதான் ஊருக்கே தெரியுமே. வெள்ளாற்றில் வெள்ளம், புவனகிரியில் பஸ்ஸை நிறுத்திவிட்டான் என்று முப்பத்தாறு வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதையே மறுபடி சொன்னேன். அத்தோடு விட்டேனா? "வேணும்னா இதையே கேளுங்க" என்று போனை நடுக்கூடத்தில் நீட்டி, கல்யாணத்துக்கு முதல் நாள் மழை எவ்வளவு என்று கேட்டேன். அது துளிக் கூச்சமில்லாமல், "அன்றைய மழை சுழியம் மில்லிமீட்டர். வானம் மேகமூட்டம்" என்றது. பெரியப்பா சிரித்த சிரிப்பில் பல்செட்டே கழன்றுவிட்டது. உன் அக்கா கன்னத்தில் கை வைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று முதல் பேச்சில்லை. எதைக் கேட்டாலும் "ம்", "ம்ஹூம்". எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் கஞ்சி குடிக்கிறாள். நேற்று சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரம் பஸ் ஏறிப் போய், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பினாள். உன் சின்ன அக்கா தமிழ்ச்செல்வி வீட்டில் அழுதுவிட்டு, மண்டபமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். செத்தேன் மச்சான். அவள் பக்கத்தில் உட்காராவிட்டால் நான் தனியாக மணையில் உட்கார்ந்து யாருக்குத் தாலி கட்டுவது? மானம் போனால் போகட்டும், அவள் பேசாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று எங்கள் வீட்டார் வேனில் முன்னால் போய்விட்டார்கள். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவதாக நான் நின்றேன். சட்டையோடு மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டும்போது மேலே பார்த்தேன். மேகம் மச்சான்! கடல் பக்கமிருந்து எழும்பி, ஒன்றன் பின் ஒன்றாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. இதுங்களும் நம்ம கல்யாணத்துக்குத்தான் போவுதுங்க, இந்த ஒன்னு போவட்டும், அடுத்ததப் பாத்துட்டுக் கிளம்பலாம்னு புல்லுல உக்காந்தேன். உக்காந்தவன் படுத்தேன். படுத்தவன் கண்ணசந்தேன். முழிச்சா கோழி கூவுது. புதுச் சட்டைய மாட்டிக்கிட்டு மொத பஸ்ஸப் புடிச்சேன். கட்டிக்கப் போறவளக் காக்க வெச்சுட்டு மேகம் பாத்தேன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது? வெள்ளாத்து மேல பழியப் போட்டேன்.

ஆகையால் நீ உடனே புறப்பட்டு வந்து, அந்த நாளுக்கு ஓர் ஐம்பது மில்லிமீட்டராவது மழை போட்டு வை. எல்லாம் கம்ப்யூட்டர்தானே. முடியாதென்றால் அந்த ஏஜென்டை அடியோடு எடுத்துவிடு.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கட்டும், நேரத்துக்கு பஸ் ஏறட்டும்.

இப்படிக்கு,
மழையை மட்டுமே நம்பிக் கெட்ட உன் மாமா,
சடையப்பன்

பின்குறிப்பு: வர வேண்டாம். எதையும் எடுக்கவும் வேண்டாம். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்க நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் உன் அக்கா இதை முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டுப் போனை எடுத்து, "அன்னிக்குச் சிதம்பரத்துல எவ்ளோ மழ?" என்று ஊரைச் சொல்லிக் கேட்டாள். நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டராம்! நீ என் வீட்டு விலாசத்தைப் போட்டு வைத்ததால், ஊர் பெயர் சொல்லாமல் நான் கேட்டபோது அது மஞ்சக்குப்பத்து மழையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. அதாவது, நான் படுத்திருந்த இடத்தை.

"பேய் மழ பெஞ்சுது. சத்திரமே ஒழுகி அத்தினி பேரும் தொப்பலா நின்னோம். நீங்க மடிப்புக் கலையாத சட்டையோட வந்து நின்னு, மழையில மாட்டிக்கிட்டேன்னீங்க. அன்னிக்கே தெரியும்" என்றாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. நாலு நாளாகக் கடைவாய்ப் பல் வலியாம். நேற்று சிதம்பரத்தில் பிடுங்கிவிட்டு வந்தாளாம். நான்தான் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் கழுத்த நீட்டுன?" என்றேன்.

"வாய் வலிக்குது, பேச வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மேகம் கட்டியிருக்கிறதென்று மாடிக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறாள். ரெண்டு நாற்காலி.