மாரீஸ்வரன் போட்ட ரூல்ஸு

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் மாரீஸ்வரனுக்குக் கரண்டு ஆபீஸ்காரர்களிடம் பயம் கிடையாது. முட்டுகிற மாட்டிடம் பயம் கிடையாது. டீச்சர் என்றால் மட்டும் தொடை நடுங்கும். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும், எங்காவது மணி அடித்தால் அவன் கை தானாகச் சட்டைப் பட்டனைத் தேடும்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் மனைவி தங்கச்செல்வி கடைக்குப் போன் பண்ணியபோது, பருத்திக்கொட்டை அள்ளிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏங்க, முருகலட்சுமி டீச்சர் கூப்பிட்டாக. நம்ம வீட்டுல இருந்து வர்றது ஒரு ரூல்ஸையும் மதிக்கிறது கிடையாதாம். திங்கக்கிழமை ரெண்டு பேரும் நேர்ல வரணுமாம்."

"எது? பெருசா, சின்னதா?"

"பெருசுதான்."

பெரியவள் பிருந்தா இரண்டாம் வகுப்பு. சின்னவன் ஹரி எல்கேஜி. மாரீஸ்வரன் புண்ணாக்கு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என்ன பண்ணுச்சாம்?"

"டீச்சர் சொல்லுவாக. வந்து கேட்டுக்கிடுங்க."

போன் கட்டாகிவிட்டது. பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயக்குமார் எட்டிப் பார்த்தான். இவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மாப்ள, மாடு முட்டுச்சா?"

மாரீஸ்வரன் விஷயத்தைச் சொன்னான். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தான்.

"ஏலே, எங்க அக்கா மகனுக்கும் இப்பிடித்தான். பந்தல்குடிப் பக்கம் ஒரு ஸ்கூலு. அக்காவும் மச்சானும் போனாக. டீச்சர் சிரிச்சுப் பேசி, டீ கூடக் குடுத்தாகளாம்."

"அப்புறம்?"

"டீ டம்ளரை வாங்கிக்கிட்டு டீசியக் குடுத்துட்டாக."

அதற்கப்புறம் மாரீஸ்வரனுக்கு வியாபாரம் ஓடவில்லை. நரிக்குடிக்காரர் ஒருவர் தவிடு கேட்டார். கோழித்தீவனத்தை அள்ளிக் கொடுத்தான். கண்ணை மூடினால், டீசி வாங்கிய பிருந்தா கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னாலேயே ஹரி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். குற்றவாளி கூடத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது. தூளைத் தரையில் போடாமல் ஒரு பேப்பரில் சேர்த்து, குப்பைக் கூடையில் கொண்டுபோய்க் கொட்டியது. என்ன நடிப்பு என்று மாரீஸ்வரன் அசந்து போனான்.

சமையல்கட்டுக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தான்.

"எல்லாம் நீ குடுத்த செல்லம்."

"நான் செல்லமாச்சும் குடுத்தேன். நீங்க என்ன குடுத்தீக?"

"நான் ஒழுக்கம் குடுக்கப் போறேன்."

"இருக்கிறதத்தானேங்க குடுக்க முடியும்?"

மாரீஸ்வரனுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தான். இடுப்பில் கை வைத்தான். பிள்ளைகள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னையில இருந்து இந்த வீட்டுல ரூல்ஸு!"

"யாருக்கு?" செல்வி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும்."

"உங்களுக்குமா?"

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வீரம் வந்துவிட்டது.

"அப்பனுக்கும் சேத்துத்தான்!"

"பிள்ளைகளா, கேட்டுக்கிட்டீகளா?" என்றாள் செல்வி, பத்திர ஆபீஸில் சாட்சி பிடிப்பவளைப் போல. இரண்டும் தலையாட்டின.

சனிக்கிழமை காலையில் வகுப்பு ஆரம்பமானது. மாரீஸ்வரன் கட்டிலில் உட்கார்ந்தான். பிள்ளைகள் எதிரே நின்றார்கள்.

"ரூல்ஸுன்னா என்ன?"

"ரூல்ஸுன்னா கூடாது," என்றான் ஹரி.

"எது கூடாது?"

"எல்லாமே."

பிருந்தா கையைத் தூக்கி, அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்து சொன்னாள். "யாருக்கும் அடிபடக் கூடாதுப்பா. யாரும் அழுகக் கூடாது. எல்லாருக்கும் அவுகவுக முறை வரணும். அதுக்குத்தான் ரூல்ஸுன்னு எங்க டீச்சர் சொல்லிருக்காக."

தெரியாமல் தப்புச் செய்கிற பிள்ளை என்றால் சொல்லிக் கொடுக்கலாம். இது எல்லாம் தெரிந்தே செய்கிற ஆள்!

"சரி, கேட்டுக்கிடுங்க. செருப்ப ஜோடியா வைக்கணும். சாப்பிடும்போது போன் கூடாது. கத்தக் கூடாது. வரிசை தாண்டக் கூடாது. மீறுனவுக பிரிட்ஜு மூலையில போயி நிக்கணும்."

"அப்பா," என்றாள் பிருந்தா. "உங்க செருப்பு ஒண்ணு வாசல்ல கெடக்கு. இன்னொண்ணு தண்ணித் தொட்டிக்கிட்ட கெடக்கு."

மாரீஸ்வரன் பிரிட்ஜு மூலைக்குப் போனான்.

திரும்பி வந்தால் தோசை வார்க்கிற வாசனை. பசியில் நேரே போய், ஹரிக்கு வைத்த முதல் தோசையை எடுத்துப் பிய்த்துவிட்டான்.

"வரிசை, வரிசை!" என்று ஹரி கத்தினான்.

"உங்கப்பாவுக்கு ஒரே ஒரு வரிசைதான்டா தெரியும்," என்றாள் செல்வி. "சீர்வரிசை. அதுல மட்டும் ஒண்ணு விடாம வரிசையா வாங்கிக்கிட்டாரு."

"ஏய், பிள்ளைகளுக்கு முன்னாடி என்ன பேச்சு!"

"அப்பா கத்துறாரு," என்றாள் பிருந்தா.

கத்தியதற்காக ஹரியும், தோசைக்காகவும் கத்தியதற்காகவும் மாரீஸ்வரனும் மூலைக்குப் போனார்கள். இடம் பற்றவில்லை. அப்போது பார்த்து வாசலில் ஒருவர் வந்து, "அண்ணாச்சி இருக்காகளா?" என்று கேட்டார்.

"அப்பா மூலையில நிக்கிறாரு. நானும்தான்," என்று உள்ளேயிருந்தே ஹரி பதில் சொன்னான்.

மத்தியானம் சோற்றில் கை வைத்ததும் போன் அடித்தது. லோடு லாரி டிரைவர். மாரீஸ்வரன் கை நீள்வதற்குள் பிருந்தா எடுத்துவிட்டாள்.

"அப்பா சாப்பிடுறாரு. சாப்பிட்டு அவரே கூப்பிடுவாரு. நீங்க சாப்பிட்டீகளா?"

எப்போதும் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசும் அந்த டிரைவர், "இல்லம்மா, சாப்பிடப் போறேன்மா," என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியிடத்தில் இவள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று கண்டுபிடிக்க மாரீஸ்வரன் ஒரு திட்டம் போட்டான். இருவரையும் பைக்கில் வைத்து அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போனான். ஹெல்மெட்டுக்குள் கிடந்த வெங்காயத்தைக் கொட்டிவிட்டு அதை மாட்டிக்கொண்டான். வழியெல்லாம் கண்ணாடியில் மகளையே கவனித்தான். எதிரே வந்த போர்டைக் கவனிக்கவில்லை.

"அப்பா, இது ஒன்வே."

வண்டியைத் திருப்பினான். ஐஸ்க்ரீம் கடையில் பிருந்தா வரிசையில் நின்றாள். ஒரு பாட்டியம்மாளை முன்னால் விட்டாள். குப்பைத் தொட்டியைத் தேடிப் போய்க் கப்பைப் போட்டாள். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு செய்துவிட மாட்டாளா என்று தவித்தான் மாரீஸ்வரன். ம்ஹூம். இங்கே இப்படி இருந்துகொண்டு ஸ்கூலில் அப்படி இருப்பதென்றால் எவ்வளவு பெரிய கைகாரியாக இருக்க வேண்டும்! இவளுக்குக் கண்டிப்பாக டீசிதான்.

சாயங்காலம் அவனால் பொறுக்க முடியவில்லை. மகளைத் தனியாகக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்தான்.

"தாயி, அப்பாட்ட மறைக்காம சொல்லு. ஸ்கூல்ல என்ன பண்ணுன?"

பிருந்தா யோசித்தாள். "சொன்னாத் திட்டக் கூடாது."

"திட்டலை. சொல்லு."

"ஹரி பாட்டில்ல தண்ணி குடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"மூடி வச்சிட்டேன்."

"அம்புட்டுத்தானா?"

"இறுக்கமாத்தான்பா மூடுனேன்."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். கண் கலங்கிவிட்டது. எப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தால் என்ன, தன் பிள்ளை. டீச்சர் காலில் விழுந்தாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

திங்கட்கிழமை காலை. மாரீஸ்வரன் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு செல்வியோடு ஸ்கூலுக்குப் போனான். முருகலட்சுமி டீச்சர் அவனைவிட வயதில் சின்னவர். அவரைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"உக்காருங்க சார்."

"இருக்கட்டும் டீச்சர். எம் மகளை இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க. ரெண்டு நாளா வீட்டுல ரூல்ஸெல்லாம் சொல்லிக் குடுத்துருக்கேன். நல்லா மாறிட்டா. டீசி மட்டும் வேண்டாம் டீச்சர்."

டீச்சர் குழம்பிப் போய்ச் செல்வியைப் பார்த்தார். செல்வி சுவரில் இருந்த இந்திய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிருந்தாவா? அவ என்ன சார் பண்ணுனா? கிளாஸ்லயே ரொம்ப ஒழுங்கான பிள்ளை அவதான். நான் கூப்பிட்டது உங்களைப் பத்திப் பேச."

"என்னையவா?"

"கெழக்கு கேட்டுல உள்ள வரணும், மேற்கு கேட்டுல வெளிய போகணும். எல்லா வண்டியும் அப்பிடித்தான் போகுது. நீங்க மட்டும் தெனமும் வெளிய போற கேட்டு வழியா ஹாரன் அடிச்சுக்கிட்டு எதிர்ல வாரீக. வாட்ச்மேன் சொல்லிட்டாரு. நானும் கையக் காட்டிருக்கேன். எனக்கு வணக்கம் வச்சுட்டுப் போயிட்டீக."

மாரீஸ்வரனுக்கு அந்தக் கையசைப்பு நினைவு வந்தது. பரவாயில்லையே, டீச்சரே நமக்குக் கை காட்டுகிறாரே என்று அன்றைக்குப் பெருமைப்பட்டிருந்தான்.

"போன வாரம் உங்க வண்டிக்குப் பயந்து எல்கேஜி அசோக் ஓடி விழுந்துட்டான். முழங்கையில நல்ல சிராய்ப்பு. கொஞ்சம் தள்ளி விழுந்ததால தப்பிச்சான். நீங்க திரும்பிக்கூடப் பாக்கலை சார்."

மாரீஸ்வரன் எவ்வளவோ யோசித்துப் பார்த்தான். அப்படி ஒரு பிள்ளை விழுந்ததே அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனைக் கலக்கியது. இரண்டு நாளாக இல்லாத ஒரு டீசிக்குப் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஹரியும் எல்கேஜிதான். அதே உயரம். அதே வாசல்.

"அந்தப் பிள்ளையப் பாக்கலாமா டீச்சர்?" என்றான் மெதுவாக.

எல்கேஜி வகுப்பு வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். முழங்கையில் காய்ந்த காயத்தோடு அசோக் வந்தான். இவனைப் பார்த்ததும் ஆயாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி. இனிமே அந்தக் கேட்டுப் பக்கமே வர மாட்டேன். மன்னிச்சுக்கோ."

அசோக் மன்னிக்கவில்லை. சேலையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மேற்கு கேட் வழியாக வெளியே வந்ததும் மாரீஸ்வரன் மனைவி பக்கம் திரும்பினான்.

"பிள்ளைன்னு ஏன்டி பொய் சொன்ன?"

"நான் எங்கங்க பிள்ளைன்னு சொன்னேன்? நம்ம வீட்டுல இருந்து வர்றதுன்னேன். பெருசா சின்னதான்னு கேட்டீக. இருக்கிறதுலயே பெருசச் சொன்னேன்."

"நேரடியா எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"போன மாசமே சொன்னேன். கேட்டுல சுத்திப் போங்கன்னு. என்ன சொன்னீக?"

மாரீஸ்வரன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான்.

"'நம்ம ஸ்கூலுதானே, நம்மள யாரு கேப்பா'ன்னீக. உங்களுக்குன்னு சொன்னா உங்களுக்கு ஏறாது. பிள்ளைக்குன்னா உசுரக் குடுப்பீக. குடுத்தீகள்ல?"

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தான். அதற்குள் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை. கிழக்கு கேட்டில் ஆட்டோக்களுக்கும் வேனுக்கும் பின்னால் மாரீஸ்வரன் வரிசையில் நின்றான். ஹெல்மெட் போட்டிருந்தான். ஹாரனைத் தொடவில்லை. பின்னாலிருந்து ஒருத்தர் ஹாரன் அடித்தபோது, "கொஞ்சம் பொறுங்கண்ணே, பிள்ளைக போகுதுல்ல," என்று தன்மையாகச் சொன்னான். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. ஊருக்கே ஒழுங்கு சொல்லிக் கொடுக்கிற ஆளாகிவிட்டோம் என்று தோன்றியது.

முறை வந்ததும் உள்ளே போய்ப் பிள்ளைகளை இறக்கிவிட்டான். எதிரே அசோக் நின்றிருந்தான். வண்டியைப் பார்த்ததும் புத்தகப் பையோடு பின்வாங்கினான். மாரீஸ்வரன் அவனைப் பார்த்துச் சிரித்தான். அசோக்குக்கு அழுகை வரப் பார்த்தது.

பிருந்தா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தைரியமாக வா என்று அப்பாவின் பக்கத்திலேயே கூட்டி வந்து, வண்டியைக் காட்டிச் சொன்னாள்.

"பயப்படாதடா. எங்கப்பா ஒண்ணும் செய்ய மாட்டாரு. எங்கம்மா பழக்கிட்டாக."