பிஜூவின் லத்தி தொடர்பாக

உழவர்கரை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் பொலினுக்கு,

பப்பா எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். லியோனில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஜெரெமியும் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி பப்பா, புரியுது" என்று வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

நீ இங்கே விட்டுப்போன குதிரை பிஜூவைப் பார்க்க ரிசார்ட்காரர் பலராமன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், விற்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக விற்றுவிடு. பதினைந்து வருஷம் பிரெஞ்சு ராணுவத்தில் குப்பை கொட்டிய எனக்கு, ஒரு குதிரை போடும் லத்தியை அள்ளி மாளவில்லை. ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை போடும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதலில் மண்வெட்டியால் அள்ளினேன். லத்தியோடு புல்லும் மண்ணும் சேர்ந்து வந்து, ஒரே மாதத்தில் அவள் மேயும் திடல் நம் தெரு மாதிரி பள்ளமாகிவிட்டது. ஈர்க்குத் துடைப்பத்தால் பெருக்கினேன், அது லத்தியைப் புல் மேலேயே மெழுகிவிட்டது. அப்புறம் தட்டாஞ்சாவடிப் பட்டறை செல்வகுமார் மூன்று சக்கரம் வைத்து, உறிஞ்சும் மெஷின் ஒன்று செய்துகொண்டு வந்தான். "ஒரே இழுப்பு சார், புல்லு மட்டுந்தான் மிச்சம் இருக்கும்" என்றான். நான் பூசை முடிந்து அப்படியே வேட்டியோடு வந்திருந்தேன். முதல் இழுப்பிலேயே வேட்டி முனை உள்ளே போய்விட்டது. நான் ஒரு பக்கம் இழுக்க, மெஷின் ஒரு பக்கம் இழுக்க, செல்வகுமார் சுவிட்சைத் தேட, அடுத்த வீட்டு சத்யப்பிரியா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

லத்தியை அள்ளவே வேண்டாம், பரப்பிவிட்டால் வெயிலில் காய்ந்து உரமாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். பழைய இரும்புக் கட்டிலை மொபெட்டில் கட்டித் திடல் முழுக்க இழுத்தேன். மறுநாள் பார்த்து மழை. சத்யப்பிரியா வீட்டில் மூன்று நாள் ஜன்னல் திறக்கவில்லை. லத்தி பட்ட புல்லைக் குதிரை வாயில் வைக்காது என்பதும் அன்றுதான் தெரிந்தது. பிஜூ கேட்டருகே நின்று என்னையே பார்த்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கடைசியில் நீ அனுப்பிய ஃபூர்ஷ்தான் கைகொடுத்தது. பெரிய முள்கரண்டி மாதிரி நெருக்கமான பல், நீளக் கைப்பிடி. அள்ளி ஒரு குலுக்கு குலுக்கினால் புல்லும் மணலும் கீழே விழுந்து, லத்தி மட்டும் நிற்கும். திடலைக் கயிறு கட்டிப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்திருக்கிறேன். ஈ மொய்க்குமுன், காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியோடு இறங்கிவிடுவேன். பிஜூ பின்னாலேயே வந்து, சுத்தம் செய்த கட்டமாகப் பார்த்துப் போடுவாள். "ஏம்மா, இப்பத்தானே வாரினேன்" என்றால் தோளில் தாடையை வைத்துக்கொள்வாள். இப்படி வைத்தால் மனுஷன் எப்படி வேலை பார்ப்பது?

எழுபத்திரண்டு வயதில் இது எனக்கு ஒத்துவராது. விற்றுவிடு.

உங்கள் மூவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்கும்
பப்பா ஜூல்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. பலராமனும் வந்தார். இதை எழுதி முடித்ததிலிருந்து நான் வேண்டுமென்றே ஒரு லத்தியைக்கூட அள்ளவில்லை. பிஜூவுக்கு மட்டும் தனியாகப் புல் அறுத்துப் போட்டேன். கேட்டைத் திறந்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா சார், ஒரு குதிரைக்கு இவ்ளோவா?" என்றார். "இன்னிக்குக் கொஞ்சம் கம்மி" என்றேன். கார் கதவைக்கூடச் சரியாக மூடாமல் போய்விட்டார்.

கோபித்துக்கொள்ளாதே, பொலின். உன் அம்மா மதலேன் போன பிறகு, எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று எட்டு மணி வரை படுத்தே கிடந்தவன் நான். உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷனுக்காக வருஷத்துக்கு ஒரு தடவை சர்த்திபிக்கா கொடுக்கிறேன். பிஜூ அதையே தினமும் ஆறு மணிக்குக் கேட்டில் நின்று கேட்கிறாள். அவளை விற்காதே.

ஃபூர்ஷில் இரண்டு பல் உடைந்துவிட்டது. இன்னொன்று அனுப்பு.