எங்கள் வீட்டு இமிகிரேஷன்

எங்கள் வீட்டு வாசலைவிடக் கண்டிப்பான எல்லை லண்டனின் எந்த விமான நிலையத்திலும் இருந்ததில்லை. அதைக் காவல் காத்த அதிகாரிக்கு வயது மூன்று. உயரம், கதவில் தபால் போடும் துவாரம் வரை. பெற்றவள் நான் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தேன். ஆனால் மேல்மாடி அறையில் குடியிருந்த தம்பிராசா அண்ணை வைத்ததுதான் நிலைத்தது: இமிகிரேஷன்.

கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் இருந்த அந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிடுவாள்.

"எங்க போறீங்கள்? ஏன் போறீங்கள்? ஆரோட போறீங்கள்?"

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது நம்மவர் நம்பிக்கை. தம்பிராசா அண்ணைக்கு அது நம்பிக்கை அல்ல, சட்டம். கேட்டுவிட்டால் திரும்பி வந்து, கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். வாசலில் அவளும் மறுபடி நிற்பாள். அவர் வேலை செய்த பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் அண்ணை எங்கள் சமையலறையில் வயிறு முட்டத் தண்ணீரோடு இருந்த நாட்கள் பல.

"பிள்ளை, அப்பிடிக் கேக்கக்கூடாது. 'தூரமோ' எண்டுதான் கேக்கோணும்."

"தூரமோ?"

"ஓம், கெட்டிக்காரி!"

"எவ்வளவு தூரம்? அங்க என்ன இருக்கு?"

அண்ணை கதிரைக்குத் திரும்பினார்.

என் கணவரின் அகதி வழக்கு மேன்முறையீட்டுக்கு வரும்வரை இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருமுறை ஏற்கெனவே மறுத்திருந்தார்கள். இம்முறையும் மறுத்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வழக்கோடுதான் நானும் பிள்ளையும் ஒட்டியிருந்தோம்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், சகுனம் பார்க்காதவள். இருந்தும் விசாரணை நாளுக்கு நானே திட்டம் போட்டேன். முதலாவது, பிள்ளை அண்ணையின் அறையில் அவருடைய கசெற் ரேடியோவின் பொத்தான்களை அமத்திக்கொண்டிருப்பாள். இரண்டாவது, கணவர் பின்கதவால் வெளியேறுவார். மூன்றாவது, அண்ணை வேலிப் பலகையைப் பிடிக்க, அவர் ஏறிப் பின் சந்தில் குதிப்பார். அறையின் ஜன்னல் வேலியைப் பார்த்திருப்பதால் திரைச்சீலையையும் இழுத்து மூடினேன். திரைச்சீலையைக் கண்டால் அதற்குள் புகுந்து ஒளிவதுதான் மூன்று வயதுக்காரரின் முதல் வேலை என்பதை மட்டும் மறந்துபோனேன்.

ஜன்னல் கண்ணாடியில் டம் டம் என்று அடி.

"அப்பா! ஏன் வேலியில இருக்கிறீங்கள்? எங்க போறீங்கள்?"

கோட்டும் டையுமாக, ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம் என்று அவர் உறைந்துபோனார்.

"கேட்டிட்டாள்! இறங்கும் தம்பி, இறங்கும்! தண்ணி குடிச்சிட்டுப் போம்!"

"அண்ணை, ட்ரெயின் போயிடும்!"

இறங்குகிற அவசரத்தில் காற்சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. இருந்தது அந்த ஒரு சூட்தான். தைக்க நேரமில்லை. வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை உட்புறமாக ஒட்டினேன். டேப் நேராகத்தான் ஒட்டியது.

"இஞ்சாருங்கோ, முன்கதவாலயே போங்கோ. வாறது வரட்டும்."

மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்த அதிகாரி அங்கே தயாராக நின்றாள்.

"எங்க போறீங்கள்?"

அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "நாங்கள் இஞ்ச இருக்கலாமோ எண்டு ஒரு ஐயாவைக் கேக்கப் போறன்."

"ஏன், இது அவரின்ர வீடோ?"

அவர் டையை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ப்ளீஸ் எண்டு சொல்லிக் கேளுங்கோ" என்று வழிவிட்டாள்.

அன்று அண்ணை ஷிப்டுக்குப் போகவில்லை. நான் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த டோஸ்டரைக் கழற்றினேன், பூட்டினேன், மறுபடி கழற்றினேன். பொழுதுபடும் நேரம் வாசலில் சாவி திரும்பியது.

அவர் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை. நான் கையிலிருந்த டோஸ்டர் மூடியைத் துடைத்தேன். அண்ணை கூரையைப் பார்த்தார். கேட்கப் பயப்படாத ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

"அப்பா, நாளைக்கும் எங்களோட இருப்பீங்களோ?"

"ஓம், குஞ்சு."

"அதுக்கு அடுத்த நாள்?"

"ஓம்." அவர் மறுபடி அவள் உயரத்துக்குக் குனிந்தார். "அந்த ஐயா ஓம் எண்டு சொல்லிப்போட்டார். இனி எல்லா நாளும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ."

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். யார் வெளியே கிளம்பினாலும் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்புவதில்லை. நான்தான் வாசலில் குனிந்து, 'எங்க போறீங்கள்?' வருமோ என்று, சப்பாத்து நாடாவைக் கொஞ்சம் மெதுவாகக் கட்டுகிறேன்.