நாலாம் நம்பர் குறட்டை

"ஒரே ஒரு கையெழுத்து மாமா," என்றார் குறட்டை டாக்டர்.

ஊசி போடும் டாக்டர் அல்ல. குறட்டையை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். முன்பெல்லாம் கட்டுரையில் நாலு படம் வரைந்து, 'ஆதாரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது' என்று எழுதினால் உலகம் நம்பியது. இப்போது திறந்த அறிவியலாம். ஒலிப்பதிவுகள் அத்தனையையும் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொருவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பு அச்சேறாது.

நாலாம் நம்பரைத் தவிர எல்லோரும் போட்டாயிற்று. ஆள் போதாத அவசரத்தில், போன தடவை வந்திருந்த மாமனாரைத் தன் அறையிலேயே படுக்க வைத்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவே கருவியை ஒளித்துப் பிடித்த குறட்டை அது. மனைவி வழக்கம்போல மகளின் அறையில். மகளுக்கு இருட்டென்றால் பயம். கல்லூரிக்கே போக ஆரம்பித்துவிட்டாள், பயம் மட்டும் போகவில்லை.

மறுநாள் மாமனாரின் கண்கள் சிவந்திருந்தன. குறட்டை விடுகிறவர்களுக்கு நல்ல தூக்கம் ஏது, பாவம் என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

"எதுக்குக் கையெழுத்து?" என்றார் மாமனார்.

"உங்க குறட்டைக்கு."

"நான் குறட்டை விடறதில்லையே."

"விடறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. என் கட்டுரையோட முடிவே அதுதான்."

மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சனியன் போகட்டும் என்று டாக்டர் நாலாம் நம்பரை நீக்கிப் பார்த்தார். கட்டுரையே படுத்துவிட்டது. அந்த ஒரு பதிவை மட்டும் இணையத்தில் வைக்காமல் விடச் சொல்லிப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினார்.

"எடுத்துடலாம் சார். ஏன் எடுத்தீங்கன்னு மட்டும் எல்லாரும் பாக்கற மாதிரி எழுதிடுங்க," என்றாள் அங்கிருந்த பெண்.

மாமனாரிடம் திருடியது என்று எழுதவா முடியும்? மறுபடி அவரிடமே வந்தார்.

"பேர் வராது மாமா. 'வயதானவர், குறட்டை மிகக் கடுமை, உடனே சிகிச்சை தேவை', அவ்வளவுதான் வரும்."

மாமனார் எழுந்து போய்ப் பெட்டி கட்டத் தொடங்கினார். மனைவி கரண்டியும் கையுமாக வந்தாள்.

"எங்கப்பாவைத் திருட்டுத்தனமா ரெக்கார்டு பண்ணீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"அதை ஊர் உலகமெல்லாம் வேற கேக்கணுமா?"

"நானா கேக்கச் சொல்றேன்? ரூல் போட்டிருக்கான்."

டாக்டருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாமனாரே பெட்டியைக் கீழே வைத்தார்.

"போட்டுக் காட்டுங்க மாப்பிள்ளை. அது நான்தான்னு வீட்ல ஒருத்தர் சொன்னாலும் கையெழுத்துப் போடறேன்."

போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதாகக் கூட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர் வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள். மாமனார் தரையைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா? இந்த மாதிரி ஆள் பக்கத்துல யாராவது தூங்க முடியுமா?" என்றார் டாக்டர்.

மூலையிலிருந்த மகள் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அது தாத்தா இல்லப்பா. எனக்கு இருட்டுன்னா பயமும் இல்ல."