நூறு கிலோமீட்டர் நடந்த கூழாங்கன்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரு காலைத் தவிர மற்றபடி அனைவரும் சுகம். அந்தக் கால் தங்கள் அக்காவுடையது என்பதும், ஆறு வாரமாக மாவுக்கட்டில் இருக்கிறது என்பதும், வரும் வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிக்கப்போகிறார்கள் என்பதும் தாங்கள் அறிந்ததே. தாங்கள் அறியாத ஒன்றைத் தெரிவிக்கவே இக்கடிதம். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் கட்டிலுக்குக் கேட்கும். தவிர, முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து அறிக்கை எழுதிய கை இது. சொந்தக் குற்றத்தைக்கூட எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அதற்குத் திருப்தி.

இத்தனைக்கும் மூல காரணம் தாங்கள்தான் என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். போன வருடம் இங்கே வந்திருந்தபோது, சும்மா இருந்த அக்காவின் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது நீதானே மச்சான்? உலகத்தில் இல்லாத பிராணிகளை உலகத்தில் இருக்கிற தெருக்களில் போய்ப் பிடிக்கும் விளையாட்டு. முப்பது வருடம் தையல் மெஷினை விட்டு எழாதவள், அதற்கப்புறம் இறகு முளைத்த மீனைத் தேடித் தபால் நிலையத்துக்கும், நெருப்புத் தும்மும் அணிலைத் தேடி நூலகத்துக்கும் போய்க்கொண்டிருந்தாள். அந்த நூலகப் படிக்கட்டில்தான் விழுந்தாள். விழும்போதும் போனை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விழுந்தாளாம். நூலகக்காரர் இன்றைக்கும் அதை வியந்து சொல்கிறார். அன்று அவள் பிடித்ததுதான் கூழாங்கன். உனக்கு அது தெரிந்திருக்கும், ஆனாலும் அறிக்கை என்றால் அங்க அடையாளம் இருக்க வேண்டும். உருண்டையான சாம்பல் நிறக் கல். கால் கிடையாது, குட்டையாக இரண்டு கை உண்டு. சிடுசிடுத்த புருவத்துக்குக் கீழே எப்போதும் மூடியே இருக்கிற கண். உயரம் கால்பந்து அளவு, எடை நாற்பது கிலோ என்று போட்டிருக்கிறது. அந்த அளவுள்ள எந்தக் கல்லும் பதினைந்து கிலோவைத் தாண்டாது. உள்ளே இரும்பைக் காய்ச்சி ஊற்றினால்தான் நாற்பது வரும். இதைக் கம்பெனிக்கு எழுதினேன். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. நான் கேட்டது நன்றியா?

விஷயத்துக்கு வருகிறேன். கூழாங்கனோடு நூறு கிலோமீட்டர் நடந்தால் அது கண்ணைத் திறந்து பெரும்பாறையனாக மாறுமாம். டாக்டர் உன் அக்காவை அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இதைக் கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டு வாங்களேன்" என்று போனை என் சட்டைப் பையில் போட்டாள். இப்படியாகத்தான் அரசாங்க முத்திரை பிடித்த இந்தக் கையில் ஒரு கல்லைக் கட்டி விட்டாள்.

முதல் நாள் வாசலைத் தாண்டும்போதே எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் எதிரில் இருக்கும் தெரு அப்படியே தெரிகிறது, நடுவில் கூழாங்கன் மட்டும் கூடுதலாக உருண்டுபோகிறது. அது உருளும், நான் நடப்பேன், அது நிற்கும், நான் நிற்பேன். மூன்றாம் நாள் முடிதிருத்தும் கடைக்குள் உருண்டுபோய்விட்டது. பின்னாலேயே போனேன். வாய் திறப்பதற்குள் கடைக்காரர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டார். கல்லைத் தேடி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் தலையைக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே கடைக்குள் போயிற்று. கடைக்காரர் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "சார், எதை வெட்டணும்னு நீங்களே காட்டிடுங்க" என்றார். பல் ஆஸ்பத்திரி வாசலில் கால்மணி நேரம் நின்றதற்கு உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, "பயப்படாதீங்கய்யா, வலிக்காது" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டாள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாம். அது தனிக் கதை.

ஆனால் மச்சான், உன்னிடம் மறைப்பானேன், இரண்டாவது வாரத்திலிருந்து எனக்கு அந்த நடை பிடித்துப்போயிற்று. விடியற்காலையில் பஸ் டிப்போ பக்கம் போயிருக்கிறாயா? பஸ்ஸெல்லாம் வரிசையாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். உள்ளே யாருமே இல்லாமல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருக்கும். ராத்திரி முழுக்க இறங்காமல் தூங்கிய யாரோ இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி இருக்கும். ஒரு டிரைவர் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். கூழாங்கன் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்ப்பார் என்று நினைத்தேன். "எங்க சார் உக்காந்திருக்கு?" என்றார். "உங்க வாளிக்குப் பக்கத்துல" என்றேன். மனிதர் வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், தண்ணீர் தெறித்துவிடக் கூடாதாம். அதன் பிறகு அந்த இடத்தில் மட்டும் குழாயைச் சின்னதாக வைத்துக்கொண்டு கழுவினார். நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

இன்னொரு நாள் மூடுபனி. பக்கத்து வீட்டுக் கதவுகூடத் தெரியவில்லை, போனில் மட்டும் கூழாங்கன் உருள்வது தெளிவாகத் தெரிகிறது. அதை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். எந்தத் தெரு, எந்தத் திருப்பம், ஒன்றும் தெரியாது. சலவைக்கடை ஆவி ஒரு இடத்தில் பனியோடு கலந்து வெதுவெதுப்பாக முகத்தில் பட்டது. எங்கேயோ ஒரு பெண் பாத்திரம் தேய்க்கிற சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. ஒரு பெஞ்சு தட்டுப்பட்டது, உட்கார்ந்தேன், கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. நடைபாதை ஓரக் கற்களெல்லாம் மெல்ல ஏறி இறங்கி மூச்சு விடுவதைப் பார்த்தேன். நான் நிறுத்துப் பார்த்து முத்திரை குத்திய எடைக்கற்களெல்லாம் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தன. எதுவும் என்மேல் குறை சொல்லவில்லை. விழித்துப் பார்த்தால் பனி விலகியிருக்கிறது, நான் உட்கார்ந்திருப்பது நம் தெருமுனைப் பெஞ்சு.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உன் அக்காவிடம் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தூங்கிவிட்டாளோ என்று நிறுத்தினால், "அப்புறம்?" என்பாள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு என்ன தெரியுமா? கதவைப் பூட்டியாச்சா, மாத்திரை போட்டாச்சா, மோட்டாரை நிறுத்தியாச்சா. அவ்வளவுதான். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. சண்டை போடுவதற்கும் ஏதாவது விஷயம் வேண்டுமே. அப்படி இருந்த வீட்டில் அவள் "அப்புறம்?" என்று கேட்பதற்காகவே நான் மறுநாள் இன்னும் இரண்டு தெரு கூட நடக்க ஆரம்பித்தேன். எனக்கு இது எவ்வளவு சந்தோஷம் என்று எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது, அதனால் அடுத்த பாராவுக்குப் போகிறேன்.

குற்றம் நடந்தது மூன்றாவது வாரம் புதன்கிழமை மத்தியானம். கணக்கு தொண்ணூற்றாறு கிலோமீட்டரில் நிற்கிறது. வெளியே மழை கொட்டுகிறது, முட்டி வேறு முணுமுணுக்கிறது. உன் அக்கா மாத்திரை போட்டுத் தூங்குகிறாள். எழும்போது நூறாகிவிட்டது என்று காட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. போனை ஒரு ரிப்பனில் கட்டி அதற்கடியில் தொங்கவிட்டேன். ஆமாம். ஊர் உலகத்துத் தராசையெல்லாம் கவிழ்த்துப் பார்த்து, தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்த நான்தான் தொங்கவிட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓரடி என்று அந்த மட்டிப் போன் எண்ணிக்கொண்டே போனது. பாரம் தாங்காமல் கடிகாரம் இழுத்து இழுத்து ஆடி நாற்பது நிமிடம் பின்தங்கிவிட்டது. உன் அக்கா அடுத்த மாத்திரையைத் தாமதமாகப் போட்டாள். ஒரே மத்தியானத்தில் தூரத்திலும் நேரத்திலும் கலப்படம் செய்தவன் எங்கள் இலாகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் குற்ற உணர்வில் எண்ணைக்கூடப் பார்க்காமல், ஒன்றும் தெரியாதவன் போலப் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மழைக்கு முந்தின நாள் பார்த்ததைச் சொல்லிச் சமாளித்தேன். போன் எப்போதும் போல அவள் தலைமாட்டில் இருந்தது. விடிந்ததும் எடுத்துப் பார்க்கிறேன். நூறு இல்லை, தொண்ணூற்றாறும் இல்லை. பூஜ்யம். கூழாங்கன் அதே சிடுசிடுத்த புருவத்தோடு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் செய்தது அதற்குத் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டியதுதானே, நானாக இருந்தால் இப்படிச் செய்த கடைக்காரனுடைய உரிமத்தை அன்றைக்கே ரத்து செய்திருப்பேன்.

சரி, பிராயச்சித்தம் என்று மறுபடி முதலிலிருந்து நடந்தேன். இந்தத் தடவை ஓரடி கூடப் பொய் கிடையாது. கழிப்பறைக்குப் போகும்போதுகூட அந்த நடை கணக்கில் சேரக்கூடாது என்று போனை மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனேன். நேற்று சாயங்காலம் பஸ் டிப்போவைச் சுற்றி வரும்போது சரியாக நூறு ஆயிற்று. திரையில் ஏதோ எழுத்து வந்தது. கண்ணாடி இல்லாததால் படிக்க முடியவில்லை, எதையாவது அமுக்கித் தொலைத்துவிடுவேனோ என்று அப்படியே கொண்டுவந்து உன் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள். இன்று காலை எடுத்தால் திரும்பவும் பூஜ்யம்! நேர்மையாக நடந்ததையும் அது நம்பவில்லை. உன் அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்கிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கு விஷயம் தெரிந்தால் கல் மாறாமல் போனதற்காக வருத்தப்படமாட்டாள், எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஆள் பெண்டுலத்தில் கட்டித்தான் நடந்தான் என்று ஒரு தடவை தோன்றிவிட்டால், அப்புறம் அந்த டிரைவர் வாளியைத் தள்ளி வைத்ததும் பொய், மூடுபனியும் பொய், கற்கள் மூச்சு விட்டதும் பொய் என்றாகிவிடாதா? அத்தனையும் சத்தியமாக நடந்தது மச்சான். இந்த ஆறு வாரத்தில் என்னிடம் இருக்கிற சொத்து அது ஒன்றுதான்.

ஆகவே, கோபித்துக்கொண்ட கூழாங்கனைச் சமாதானப்படுத்த விளையாட்டில் ஏதாவது வழி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவிக்கவும். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமென்றால் முகவரி தரவும். உறையின்மேல் என் பெயரை மட்டும் பெரிதாக எழுதவும். தங்கள் துணைவியாருக்கு என் அன்பைச் சொல்லவும். தாங்கள் எல்லா நலனும் பெற்று நீடூழி வாழவும், இனிமேல் யாருடைய போனிலும் எதையும் ஏற்றாமல் இருக்கவும் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டியாகிவிட்டது, தபால்தலை இல்லை. உன் அக்காவின் தையல் பெட்டியில் இருக்குமே என்று கேட்கப் போனேன். "யாருக்கு லெட்டர்?" என்றாள். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பேர் என் முன்னால் அசடு வழிய நின்றிருப்பார்கள், அத்தனை பேருடைய அசடும் சேர்ந்து என் முகத்தில் வழிந்திருக்க வேண்டும். பெண்டுலம் முதல் பூஜ்யம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு கட்டிலில் இடித்தது.

"அது கோவிச்சுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நூறு ஆன அன்னிக்கே 'மாறட்டுமா?'ன்னு கேட்டுச்சு. நான்தான் 'இப்போ வேண்டாம்'னு அமுக்கினேன். அமுக்கினா மறுபடி முதல்லேருந்து எண்ணும். நேத்தும் அமுக்கினேன்" என்றாள்.

"ஏன்டி?" என்றேன்.

"அது பெரிசாயிட்டா அதுக்கு நடை வேண்டாங்க. நீங்க திரும்பவும் அந்த நாற்காலியில போய் உக்காந்துடுவீங்க."

கடிகாரம் இழுத்து இழுத்து ஆடிய சத்தத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். "அப்ப நான் சொன்ன டிரைவர், பனி, இதெல்லாம் நம்பினியா இல்லையா?" என்று கேட்டேன். "பாதி பொய்யா இருந்தாலும் பரவாயில்லன்னு நினைச்சுதான் கேட்டுட்டிருந்தேன்" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! ஒரு சொல்கூடப் பொய்யில்லை, நீயே வந்து பார் என்றேன். வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். முதல் நாள் நூறு அடிக்குமேல் நடக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் உறையைப் பிரித்து இந்தப் பின்குறிப்பை எழுதி முடித்த கையோடு கிளம்புகிறேன் மச்சான், நம் வாசலிலிருந்து நூறு அடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று இதுவரை நான் சரியாகப் பார்த்ததில்லை.