குளிரில் வைக்க வேண்டிய மருந்து

மருந்துக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார் ரூடி கங்காஸ். ஒரு சொட்டும் விழவில்லை. குலுக்கினார். உள்ளே கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் கேட்டது.

"உறைஞ்சு போச்சு," என்று நாயிடம் சொன்னார்.

மேஜர் வாலை ஒருமுறை தரையில் தட்டியது. அதன் மூக்கு ஒரு பெரிய உருளைக்கிழங்கு அளவுக்கு வீங்கியிருந்தது.

எல்லாம் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. ஏரிக்கரைக் காட்டில் மேஜர் ஒரு முள்ளம்பன்றியோடு சிநேகம் பிடிக்கப் போய், முகம் நிறைய முள்ளோடு திரும்பி வந்தது. டாக்டரிடம் போகும்வரை பொறுக்காமல் ரூடி தானே இடுக்கியை எடுத்தார். பாதி முள் வந்தது. மீதியில் ஒன்று அவருடைய வலது உள்ளங்கையில் ஏறியது. இரண்டு நாளில் நாயின் மூக்கும் மனிதரின் கையும் போட்டி போட்டுக்கொண்டு சீழ் பிடித்தன. நாய்க்கு ஒரு டாக்டர், அவருக்கு ஒரு டாக்டர். நாய்க்குச் சொட்டு மருந்து, அவருக்கு மாத்திரை. இரண்டுமே ஆன்டிபயாட்டிக், இரண்டுமே காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை.

மருந்தை எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்துத்தான் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மேஜர் அதைத் தின்றுவிட்டது. ரூடி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. போன வருஷம் மேஜருக்குக் காதில் புண் வந்தபோது கொடுத்த இளஞ்சிவப்பு மருந்தை ஃபிரிட்ஜில்தான் வைத்தார். அந்த மருந்துக்கு ஒரு நியாயம், இந்த மருந்துக்கு ஒரு நியாயமா? குப்பி ஃபிரிட்ஜுக்குப் போயிற்று. தன் மாத்திரைகளை, கைக்கட்டை மாற்றும் இடத்திலேயே இருக்கட்டும் என்று, கொல்லைப்புறத்து சானாவில் வைத்தார். கல்லைப் பழுக்கக் காய்ச்சி ஆவியில் வேர்த்துக் குளிக்கும் அந்த மர அறையில், துண்டு வைக்கும் பலகையின் மேல்.

வெள்ளிக்கிழமை காலையில் ஃபிரிட்ஜில் பால் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர் போதவில்லை என்று திருகியைக் கடைசி வரை திருப்பினார். சனிக்கிழமை காலையில் பாலும் கல், மருந்தும் கல்.

உருக்கினால் சரியாகிவிடும் என்று காப்பிக் கோப்பையில் வெந்நீர் ஊற்றிக் குப்பியை இறக்கினார். முதலில் மேலே ஒட்டியிருந்த சீட்டு கழன்று மிதந்தது. பிறகு மருந்து உருகியது. மேலே தண்ணீர், கீழே கூழ். சரி, நம்முடைய மருந்தையாவது விழுங்குவோம் என்று சானாவுக்குப் போனால், முந்தின நாள் சாயங்காலம் அவர் குளித்த குளியலில் மிச்சமிருந்த மாத்திரைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாகக் கிடந்தன. மீன் வெட்டும் கத்தியால் ஒரு வேளைக்கு உண்டானதைக் கீறி எடுக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

பிறகுதான் கால்நடை மருத்துவமனைக்கு ஃபோன் செய்தார். வரவேற்பில் இருக்கும் ஷெல்லி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். இரண்டையும் பயன்படுத்தக் கூடாது, நாய் மருந்தை இங்கேயும் மாத்திரையைப் பக்கத்து மருந்துக் கடையிலும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், இன்றைக்குப் பன்னிரண்டு மணிவரைதான் திறந்திருக்கும் என்றாள்.

நகரம் முப்பது மைல். ரூடியின் வண்டியில் கியரைக் கையால் மாற்ற வேண்டும். அந்தக் கை கட்டுக்குள் இருந்தது. அந்தச் சாலையில் இருந்ததே இரண்டு வீடுகள்தாம். எதிர் வீட்டில் ஆர்லீன் பொட்வின் இருந்தார்.

அங்கேதான் சிக்கல்.

ரூடி முப்பத்தோரு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாதத்தில், அவருடைய வண்டி ஆர்லீனின் தபால் பெட்டியைக் கம்பத்தோடு பெயர்த்துத் தேவதாரு மரத்தின் மேல் உட்கார வைத்தது. வேண்டுமென்றே செய்தார் என்றார் ஆர்லீன். பனிக்கு யார் பெட்டி என்று தெரியாது என்றார் ரூடி. அதோடு பேச்சு நின்றது. நடுவில் ரூடியின் மனைவி ஐரீன் போனார், ஆர்லீனின் கணவர் கில் போனார். இரண்டு சாவுக்கும் இவர் அவர் வீட்டுக்கும் அவர் இவர் வீட்டுக்கும் சமைத்த பாத்திரத்தோடு போனார்கள். கழுவிய பாத்திரங்கள் ஒரு வார்த்தை இல்லாமல் வாசற்படிக்குத் திரும்பி வந்தன.

இப்போது ரூடி ஒரு கையில் குப்பியும் மறு கையில் மாத்திரை உருண்டையுமாக அதே வாசற்படியில் நின்றார். பக்கத்தில் மேஜர்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் ஆக்கிப் போட்டவர் ஆர்லீன். கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பார்வை போதும்.

"நாய் மருந்து ஐஸாயிடுச்சு. உங்க மருந்து களியாயிடுச்சு," என்றார். "ரெண்டு பேரும் உசிரோட நிக்கறதே பெரிசு."

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், பையை எடுத்துக்கொண்டு நேராகத் தன் வீட்டுக்குள் போனார். பிறகு வாசலில் நின்று ரூடியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மருந்து சரியான சூட்டுல இருக்கணுமாம். கறாரா சொல்லிட்டாங்க. உங்க வீட்டுல ஒண்ணு வட துருவம், இல்லேன்னா எரிமலை. ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டும். காலைல ஏழு மணி, சாயங்காலம் ஏழு மணி. நாயைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"ஃபிரிட்ஜை நான் சரி பண்ணிடறேன்."

"முப்பத்தோரு வருஷம் ரோட்டை நீங்க சரி பண்ண லட்சணம் என் தபால் பெட்டிக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம் ஏழுக்கு ரூடி போனார். ஆர்லீன் முதுகைக் காட்டி நின்றார். ஃபிரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பியபோது கையில் சொட்டுக்குழாய் தயாராக இருந்தது. ரூடி நாயின் தாடையைப் பிடிக்க, ஆர்லீன் ஊற்றினார். மேஜர் தும்மியது. ரூடி தன் மாத்திரைக்குக் கையை நீட்டினார். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், உட்காருங்கள் என்று சொல்லி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த சூடான பாஸ்டி ஒன்றைத் தட்டில் வைத்தார் ஆர்லீன்.

ஐரீன் போனபிறகு ரூடி நின்றுகொண்டே டப்பாவிலிருந்து சாப்பிடப் பழகியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில், அப்பத்துக்கும் காப்பிக்கும் நடுவில், ஆர்லீன் தபால் பெட்டிப் பேச்சை எடுத்தார். கோபமாகக் கேட்கவில்லை. உப்பு வேணுமா என்று கேட்கும் குரலில்தான் கேட்டார். ரூடி தட்டையே பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். அன்றைக்கு அவர் தொடர்ந்து பதினாறு மணி நேரம் வண்டி ஓட்டியிருந்தார். அந்த வளைவில் ஒரு நொடி கண் அசந்துவிட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஐரீனுக்கு அப்போதுதான் வைத்தியம் தொடங்கியிருந்தது. தூங்கிவிட்டேன் என்பதைவிட, வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

ஆர்லீன் எழுந்துபோய் இன்னொரு அப்பத்தைக் கொண்டுவந்து அவர் தட்டில் போட்டார்.

அன்று மத்தியானம் ரூடி தன் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தார். திருகிக்குப் பின்னால் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. இடது கையாலேயே ஐந்து நிமிஷத்தில் முடுக்கினார். சாயங்காலத்துக்குள் பால் பாலாகவும் வெண்ணெய் வெண்ணெயாகவும் இருந்தன.

இனி நாய் மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மணி ஆறே முக்கால் ஆனதும் முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, நாயோடு எதிர் வீட்டுக்குப் போனார். ஃபிரிட்ஜ் எப்படி இருக்கிறது என்று ஆர்லீன் கேட்டதற்கு, அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டும். புதன்கிழமை ஆர்லீன், தன் அண்ணன் கிளெம்மை வந்து பார்க்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். கிளெம் அந்த வட்டாரத்தில் ஃபிரிட்ஜ், அடுப்பு, படகு மோட்டார் எல்லாவற்றையும் பழுது பார்ப்பவர். ரூடி வீட்டுக்கு ஓடிவந்து ஃபிரிட்ஜின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டார். கிளெம் உள்ளே வந்தார், குனிந்தார், கம்பியை எடுத்துச் சொருகினார். ஃபிரிட்ஜ் உறுமியது.

"ஏம்ப்பா, இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

பழுது சில சமயம் வருகிறது, சில சமயம் போகிறது என்று ரூடி விளக்கினார். விளக்கிக்கொண்டே புகைபோட்ட மீன் இரண்டைத் தாளில் சுற்றி கிளெம்மின் கையில் வைத்தார். கிளெம் மீனைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார், புதிதாகச் சவரம் செய்த ரூடியின் முகத்தையும் பார்த்தார். பழுது ரொம்பப் பெரிசு என்று தங்கையிடம் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் வினையாயிற்று. பழுது அவ்வளவு பெரிசென்றால் அங்கே இருக்கிற சாமான் எல்லாம் கெட்டுப்போகுமே என்றார் ஆர்லீன். சாயங்காலத்துக்குள் ரூடியின் மான்கறி, வெண்ணெய், முட்டை, ஊறுகாய் எல்லாம் மூன்று பெட்டிகளில் எதிர் வீட்டுக்குக் குடிபோயின. ஃபிரிட்ஜில் அடுக்க ரூடி கை கொடுக்கப் போனபோது, ஆர்லீன் குறுக்கே வந்து நின்றார்.

"தள்ளுங்க, தள்ளுங்க. என் ஃபிரிட்ஜுல யாரும் கை வெக்கறது எனக்குப் பிடிக்காது."

நல்ல நிலையில் ஓடும் ஃபிரிட்ஜுக்குள் ரூடிக்கு ஒரு கடுகுக் குப்பி மட்டும் மிஞ்சியது. உங்கள் வீட்டில் வெண்ணெய்கூட இல்லையே என்று மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஆர்லீனே கூப்பிட்டார். இரண்டு வேளை மூன்று வேளையாயிற்று.

சனிக்கிழமை இன்னும் மோசம். நிலவறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் சும்மா கிடக்கிறது, கிளெம் கொண்டுவந்து உங்கள் சமையலறையில் வைத்துவிடுவார் என்றார் ஆர்லீன். சொல்லும்போது அவர் முகத்தில் ஏனோ அவ்வளவு சந்தோஷம் இல்லை. ரூடி அவசரமாக மாத்திரையை விழுங்கினார். என் வீட்டு வாசல் குறுகல், நுழையாது என்றார். கிளெம் அளவு நாடாவோடு வந்து அளந்தார். இரண்டு அங்குலம் மிச்சமிருந்தது. ரூடி மீன் தொங்கவிட்ட கொட்டகைக்குப் போய்த் திரும்பினார். கிளெம் மறுபடியும் அளந்தார். இந்தத் தடவை ஓர் அங்குலம் குறைந்தது.

"நுழையாதாம்," என்று ரூடி போய்ச் சொன்னார்.

"நுழையலேன்னா விடு," என்றார் ஆர்லீன். "நீ பாட்டுக்கு இங்க வா."

எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று இரண்டு பேரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று மேசையில் ஏலக்காய் ரொட்டி இருந்தது. ரூடியுடையதுபோன்ற ஃபின்லாந்து வம்சத்து வீடுகளில் செய்வது அது. பொட்வின் வீட்டில் அதுவரை யாரும் செய்ததில்லை. நடுவில் கொஞ்சம் வேகாமல் இருந்தது. ரூடி நான்கு துண்டு தின்றார்.

ஆனால் மருந்து என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு முடிவும் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் ஆர்லீன் கடைசிச் சொட்டை மேஜரின் வாயில் விட்டு, சொட்டுக்குழாயைக் கழுவிக் கவிழ்த்தார். கடைசி மாத்திரையும் ரூடியின் வயிற்றுக்குள் போயிற்று.

"அவ்வளவுதான்," என்றார் ஆர்லீன்.

"அவ்வளவுதான்," என்றார் ரூடி.

இரண்டு பேரும் நாயைப் பார்த்தார்கள். நாய் நன்றாகக் குணமாகியிருந்தது. அதன்மேல் ரூடிக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அன்று மத்தியானம் அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு மேஜரைக் காட்டக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் ஹோல்ம் மூக்கை அழுத்திப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பத்திரத்துக்கு இன்னும் பத்து நாளைக்கு அதே மருந்தைக் கொடுக்கலாமா என்று ரூடி கேட்டார். ஆன்டிபயாட்டிக்கைக் குறைத்துக் கொடுப்பதும் தப்பு, தேவையில்லாமல் நீட்டுவதும் தப்பு, ஆறின புண்ணுக்கு மருந்து எதற்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் ஃபிரிட்ஜில் வைக்கிற மாதிரி சத்து மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். இந்த நாய்க்கு இருக்கிற சத்தே அதிகம், சாப்பாட்டைக் குறையுங்கள் என்றார் டாக்டர்.

ரூடி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேற்பு மேசைக்கு வந்தார். ஷெல்லி நாய்க்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, நாய் பிழைத்ததற்கு இவ்வளவு வாடின முகமா என்று கேட்டாள். ரூடிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஃபிரிட்ஜை மூன்றாம் நாளே சரி செய்துவிட்டதையும், ஆர்லீனிடம் இத்தனை நாளும் பொய் சொன்னதையும், இனி எதிர் வீட்டுக்குப் போக ஒரு சாக்கும் இல்லை என்பதையும், ஒரு பாவமும் அறியாத மனுஷியை ஏமாற்றிவிட்டதையும் கொட்டித் தீர்த்தார்.

ஷெல்லி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்த மருந்துக்கு ஃபிரிட்ஜே வேண்டாம், சும்மா சமையலறை அலமாரில இருந்தாப் போதும்னு முதல் நாளே ஆர்லீன் அக்காகிட்ட சொன்னேன், மருந்து தீர்ற வரைக்கும் உங்ககிட்ட மட்டும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க."